பழைய கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்கிலிருந்து கோப்புகளை மீட்பது: அறிகுறி வாரியாக

பரணிலிருந்து பழைய கம்ப்யூட்டரை இறக்கித் தூசி தட்டியதும் எல்லோருக்கும் கை நேராகப் பவர் பட்டனுக்குத்தான் போகும். ஓடுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடலாம் என்ற ஆசை. தயவுசெய்து அழுத்தாதீர்கள். இருபது, இருபத்தைந்து வருடம் சும்மா கிடந்த டிஸ்க் இன்னும் எத்தனை முறை சுழலும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஒரே ஒரு முறையாகக்கூட இருக்கலாம், அந்த ஒரு முறையை விண்டோஸ் 98 லோகோ பார்க்கச் செலவழித்துவிட்டால் உள்ளே இருந்தது போயே போய்விடும்.

எங்கள் அப்பா கும்பகோணத்தில் டிடிபி கடை வைத்திருந்தார். கடையில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றின் டிஸ்கை ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்து உள்ளே இருப்பதை எடுத்துத் தரச் சொன்னோம். அவர்கள் ஃபார்மட் செய்து "இப்ப நல்லா ஓடுது சார்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். அதில் ஊர்ப் புலவர் ஒருவர் எழுதி அச்சேறாமலே போன நூறு வெண்பாக்கள் இருந்தன. கையெழுத்துப் பிரதி அதற்குள் கரையான் தின்றுவிட்டிருந்தது. மற்றது ஒரு 486 (பென்டியத்துக்கு முந்தைய ரகம்), அதில் 420 எம்பி டிஸ்க். அதை நானே எடுத்தேன். கீழே எழுதியிருப்பதெல்லாம் அதிலும், பிறகு நண்பர்கள் கொண்டுவந்த டிஸ்குகளிலும் கற்றுக்கொண்டது.

ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். பழைய டிஸ்கில் எதையும் சரிசெய்யப் பார்க்கக் கூடாது. ஸ்கேன்டிஸ்க் வேண்டாம், செக்டிஸ்க் வேண்டாம், வைரஸ் ஸ்கேனும் வேண்டாம். டிஸ்கை முதல் செக்டாரிலிருந்து (செக்டார் என்பது டிஸ்கின் ஒரு குட்டிச் சேமிப்புத் துண்டு) கடைசி செக்டார் வரை ஒரு முறை படித்து முழு நகல் எடுங்கள், அதாவது இமேஜ். தேடுவது, திறப்பது, பழுது பார்ப்பது எல்லாம் அந்த இமேஜின் மேல். இமேஜையும் இரண்டாகக் காப்பி செய்து வைத்துக்கொண்டால் எத்தனை முறை தவறு செய்தாலும் பரவாயில்லை.

எதையும் சொருகுவதற்கு முன்

கம்ப்யூட்டரின் பின்னால் எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் கொடுக்கும் பவர் பெட்டி) பக்கத்தில் ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கும், 115 அல்லது 230 என்று. அது 115இல் இருக்க நம் ஊர் கரண்டைக் கொடுத்தால் எஸ்எம்பிஎஸ் வெடிக்கும். சரி, 230இல் இருந்தாலும் நான் அந்தப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸை நம்ப மாட்டேன், உள்ளே கெபாசிட்டர்கள் என்ன நிலையில் இருக்கின்றன என்று வெளியிலிருந்து தெரியாது. டிஸ்கைக் கழற்றி, நன்றாக ஓடுகிற வேறு எஸ்எம்பிஎஸ்ஸில் பவர் கொடுப்பதே நல்லது.

கழற்றும் முன் போட்டோ எடுங்கள். கேபிள் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது, ஜம்பர் (டிஸ்கின் பின்களில் மாட்டியிருக்கும் குட்டி மூடி) எந்த இடத்தில் இருந்தது, முக்கியமாக டிஸ்கின் லேபிள். லேபிளில் சிலிண்டர், ஹெட், செக்டார் என்று மூன்று எண்கள் அச்சடித்திருப்பார்கள். பின்னால் சில இடங்களில் அந்த எண்கள் தேவைப்படும். மதர்போர்டில் நீல நிற பீப்பாய் மாதிரி நிக்கல் காட்மியம் பேட்டரி இருந்து, சுற்றிலும் பச்சையாகப் பூத்திருந்தால் அது ஒழுகிவிட்டது என்று பொருள். டிஸ்க் மட்டும்தான் வேண்டுமென்றால் அந்த போர்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

அப்புறம் டிஸ்க் எந்த வகை என்று பாருங்கள். 40 பின்களும் பக்கத்தில் நான்கு பெரிய பவர் பின்களும் இருந்தால் ஐடிஇ. சின்னச் சின்னதாக 44 பின்கள் இருந்தால் லேப்டாப் ஐடிஇ, பவரும் அதிலேயே வரும். 50 பின்கள் என்றால் ஸ்கஸி, பழைய மேக்கிலும் சர்வர்களிலும் இருக்கும். ஒரே டிஸ்குக்கு 34 பின், 20 பின் என்று இரண்டு ரிப்பன் கேபிள் போனால் அது எம்எஃப்எம் அல்லது ஆர்எல்எல், 1980களின் பிசி எக்ஸ்டி காலத்து 20 எம்பி டிஸ்குகள் அப்படித்தான். கடைசி வகையைத் தன் கன்ட்ரோலர் கார்டை விட்டுப் பிரிக்காதீர்கள், வேறு கார்டு அதே டிஸ்கைப் படிக்கும் என்று நம்ப முடியாது. அதற்கு சீரியல் கேபிள் வழிதான், கீழே வருகிறது. நான் அதிகம் சொல்லப் போவது ஐடிஇ பற்றி, நம் ஊரில் மிஞ்சியிருப்பதில் பெரும்பாலும் அதுதான்.

டிஸ்கில் சத்தமே இல்லை

பவர் கொடுத்ததும் மெல்ல ஏறி நிற்கிற ஒரு "ஊஊம்" கேட்க வேண்டும். ஒன்றுமே கேட்காவிட்டால் முதலில் பவரைச் சந்தேகப்படுங்கள். டிஸ்கை இன்றைய கம்ப்யூட்டரோடு இணைக்கும் யுஎஸ்பி அடாப்டரோடு வரும் குட்டி பவர் செங்கல் பழைய டிஸ்கை முதலில் சுழல வைக்கும் அந்த ஒரு நொடிக்குப் போதாமல் போகும், டிஸ்க் சுழல முயன்று நின்று, மறுபடி முயன்று நின்று கொண்டிருக்கும். ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் ஒன்று இருந்தால் அதன் பெரிய கனெக்டரில் பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்புக் கம்பியையும் இணைத்தால் மதர்போர்டு இல்லாமலே ஓடும். அதிலிருந்து டிஸ்குக்குப் பவர் எடுங்கள்.

நல்ல பவர் கொடுத்தும் சுழலவில்லை, காதை வைத்தால் ஒரு மெல்லிய முனகல் மட்டும் கேட்கிறது என்றால் உள்ளே படிக்கிற ஹெட் சுழலும் தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். பழைய டிஸ்குகளில் இது நடக்கும். டிஸ்கைக் கையில் தட்டையாகப் பிடித்து, மணிக்கட்டை மட்டும் சட்டென்று இரண்டு பக்கமும் திருப்புங்கள், ஜாடி மூடியைத் திருகித் திறப்பது போல. தட்டு உள்ளே தன் எடையில் கொஞ்சம் நகர்ந்து ஒட்டு விடும். இரண்டு மூன்று முறைக்கு மேல் வேண்டாம். சுழல ஆரம்பித்துவிட்டால் அதன் பிறகு இமேஜ் எடுத்து முடிக்கும் வரை பவரை அணைக்காதீர்கள், சாப்பாட்டுக்குப் போனாலும் சரி.

ஃப்ரீசரில் வைத்து எடுக்கச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம் ஊர் ஈரக் காற்றில் வெளியே எடுத்த நிமிடமே டிஸ்க் வியர்த்துவிடும். வேண்டவே வேண்டாம். மூடியைத் திறந்து பார்ப்பதும் கூடாது.

சுழல்கிறது, ஆனால் கடக்... கடக்... என்று அடிக்கிறது

ஒரே தாளத்தில் தட்டி, சற்று நின்று, மறுபடி தட்டினால் ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிறது. உடனே அணையுங்கள். பவர் குறைவாலும் இப்படி வரும் என்பதால் வேறு எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரே ஒரு முறை முயன்று பார்க்கலாம். அப்போதும் அடித்தால் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை, டேட்டா ரெக்கவரி செய்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும். கொடுக்கும்போது "டிஸ்கில் எதையும் எழுதக் கூடாது" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை.

நன்றாகச் சுழல்கிறது, கம்ப்யூட்டருக்குத்தான் தெரியவில்லை

பெரும்பாலோர் சிக்குவது இங்கேதான், இதற்குக் காரணங்களும் நிறைய.

முதலில் ஜம்பர். பழைய கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்காக ஸ்லேவ் நிலையில் இருந்திருக்கும், யுஎஸ்பி அடாப்டருக்கு மாஸ்டர், அதாவது முதல் டிஸ்க் நிலை, வேண்டும். வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்குகளில் இன்னொரு நுணுக்கம், கேபிளில் தனியாக இருக்கும்போது ஒரு அமைப்பு, ஸ்லேவ் ஒன்றோடு சேர்ந்து மாஸ்டராக இருக்கும்போது வேறு அமைப்பு. தனி டிஸ்கை இரண்டாவது அமைப்பில் விட்டால் அது இல்லாத ஸ்லேவுக்காகக் காத்திருக்கும். லேபிளில் படம் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள்.

அடுத்து கேபிள். சிவப்புக் கோடு முதல் பின் பக்கம், பெரும்பாலும் பவர் கனெக்டரை ஒட்டிய பக்கம். கேபிள் உள்ளே போகவே மாட்டேன் என்றால் அழுத்தாதீர்கள். புதிய கேபிள்களில் நடுவில் 20ஆம் துளையை அடைத்திருப்பார்கள், சில பழைய டிஸ்குகளில் அந்த இடத்திலும் பின் இருக்கும். அழுத்தினால் பின் வளையும். அடைப்பு இல்லாத பழைய கேபிள் வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் தெரியவில்லை, டிஸ்கும் 500 எம்பிக்குக் குறைவானது என்றால் குறை பெரும்பாலும் யுஎஸ்பி அடாப்டரில்தான். ஆரம்ப கால ஐடிஇ டிஸ்குகள் சிலிண்டர், ஹெட், செக்டார் என்று மூன்று எண்ணால் மட்டுமே இடத்தைக் குறிக்கும். பின்னால் வந்தவை செக்டார்களை 0, 1, 2 என்று நேராக எண்ணும் எல்பிஏ முறைக்கு மாறின. பழைய பயாஸ் (கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் ஓடுகிற, மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டாரோடு நின்றுவிடும், பெருக்கிப் பார்த்தால் சுமார் 528 மெகாபைட், அதனால்தான் அந்தக் கால டிஸ்குகள் 420, 340, 210 என்று அந்த அளவுக்குள்ளேயே இருந்தன. இப்போது விற்கிற யுஎஸ்பி அடாப்டர்களில் பல எல்பிஏ மட்டும்தான் பேசும். டிஸ்க் நல்ல டிஸ்க், அடாப்டருக்கு அதன் பாஷை தெரியாது. இதைப் புரிந்துகொள்ளாமல் "டிஸ்க் செத்துப்போச்சு" என்று தூக்கிப்போட்டவர்களை எனக்குத் தெரியும், மனசு கேட்கவில்லை.

இதற்கு வழி, ஐடிஇ போர்ட் நேரடியாக இருக்கிற ஒரு மதர்போர்டு. பென்டியம் 3 அல்லது பென்டியம் 4 கம்ப்யூட்டர் காயலாங்கடையில் கிடைக்கும், சென்னையில் என்றால் ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள். பயாஸில் ஆட்டோ டிடெக்ட் கொடுத்து, அது காட்டுகிற எண்களும் நீங்கள் எடுத்த போட்டோவில் உள்ள எண்களும் ஒன்றுதானா என்று பாருங்கள். பிறகு லினக்ஸ் லைவ் சிடி (நிறுவாமலே சிடியிலிருந்து ஓடும் லினக்ஸ்) போட்டு பூட் செய்து இமேஜ் எடுங்கள். என் 420 எம்பி டிஸ்க் மூன்று யுஎஸ்பி அடாப்டரில் தெரியாமல், ஒரு பென்டியம் 4இல் முதல் முறையே தெரிந்தது.

பழைய கம்ப்யூட்டரையே ஓட்டிப் பார்த்து, திரையில் சிமாஸ் செக்சம் எரர் என்றும் ஹார்டு டிஸ்க் கன்ட்ரோலர் ஃபெயிலியர் என்றும் வந்தால் பயப்படாதீர்கள். பேட்டரி இறந்து டிஸ்கின் அளவுகள் பயாஸுக்கு மறந்துவிட்டன, அவ்வளவுதான். செட்டப்பில் போய் டைப் 47 அல்லது யூசர் என்று வைத்து லேபிளில் உள்ள மூன்று எண்களையும் அடியுங்கள். அதன் பிறகு மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று வந்தால் நார்மல், லார்ஜ், எல்பிஏ என்று மூன்று முறைகள் இருக்குமே, அதில் முன்பு இருந்தது வேறாக இருக்கலாம். ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். சரியான முறை கிடைக்கும் வரை டிஸ்கில் ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது, தப்பான முறையில் எழுதினால் தப்பான இடத்தில் போய் விழும்.

"இந்த டிஸ்கை ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் கேட்கிறது

கேன்சல். இனிஷியலைஸ் செய்யவா என்று கேட்டாலும் கேன்சல். விண்டோஸுக்கு உள்ளே இருப்பது புரியவில்லை என்று மட்டும்தான் இதற்கு அர்த்தம், உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தம் இல்லை.

புரியாததற்குக் காரணங்கள் சில. டிஸ்க் மேக்கிலிருந்து வந்ததாக இருக்கலாம், அதன் எச்எஃப்எஸ் முறை விண்டோஸுக்குத் தெரியாது, லினக்ஸில் திறக்கும். அல்லது ஆன்ட்ராக் டிஸ்க் மேனேஜர், ஈஸி-டிரைவ் (EZ-Drive) மாதிரி ஒரு ஓவர்லே போட்டிருக்கலாம். பழைய பயாஸ் பெரிய டிஸ்கை ஏற்காதபோது டிஸ்கோடு ஒரு ஃப்ளாப்பியில் இதைக் கொடுப்பார்கள், அது பூட் ஆகும்போதே உள்ளே உட்கார்ந்துகொண்டு செக்டார் எண்களை மாற்றிச் சொல்லும். டிஸ்க் மேனேஜர் எல்லாவற்றையும் 63 செக்டார் தள்ளி வைக்கும். அந்த ஓவர்லே இல்லாமல் வேறு கம்ப்யூட்டரில் போட்டால் பார்ட்டிஷன் (டிஸ்கில் கோப்புகள் இருக்கும் பிரிவு) இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. இமேஜ் எடுத்துவிட்டு, இமேஜின் மேல் டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருளை ஓட்டுங்கள். அது ஒவ்வொரு செக்டாராகத் தேடி உண்மையான தொடக்கத்தைக் காட்டும், அங்கிருந்தே கோப்புகளைக் காப்பி செய்யவும் விடும்.

பாதியில் நிற்கிறது, டேட்டா எரர் வருகிறது

சாதாரணமாக இழுத்துக் காப்பி செய்யும்போது ஒரு கெட்ட செக்டார் வந்தால் விண்டோஸ் அதே இடத்தில் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டு நிற்கும், டிஸ்க் அந்த நேரம் முழுக்கத் தேயும். டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) என்றால் அபார்ட், ரீட்ரை, ஃபெயில் என்று உங்களையே கேட்கும்.

இதற்கென்றே இருக்கும் மென்பொருள் க்னூ டிடிரெஸ்க்யூ. இது முதலில் நல்ல பகுதிகளை எல்லாம் வேகமாக அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைத் தாண்டிக் குதித்துப் போய், கடைசியில் நிதானமாக அவற்றுக்குத் திரும்பும். சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லைவ் லினக்ஸில் தயாராகவே இருக்கிறது. கட்டளையில் மூன்று பெயர்கள் வரிசையாக வர வேண்டும், எந்த டிஸ்க், எந்த இமேஜ் கோப்பு, எந்த மேப் கோப்பு என்று. மேப் கோப்பைக் கொடுக்காமல் விடாதீர்கள். எது படித்தாயிற்று, எது மீதி என்று அதில்தான் எழுதி வைக்கும், கரண்ட் போனாலும் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதல் சுற்றில் "மைனஸ் என்" குறி கொடுத்தால் கெட்ட இடங்களைச் சுரண்டாமல் விட்டுவிடும், இரண்டாம் சுற்றில் அதை எடுத்துவிட்டு "மைனஸ் ஆர் 3" கொடுத்தால் மூன்று முறை முயலும். டிஸ்கின் பெயரை அடிக்கும் முன் அளவைப் பாருங்கள், 420 எம்பி காட்டுவது பழையது, 500 ஜிபி காட்டுவது உங்களுடையது. இரண்டையும் மாற்றி அடித்துவிட்டால் காலியாக இருப்பது நிறைந்திருப்பதன் மேல் எழுதப்பட்டுவிடும். நான் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்த பிறகுதான் என்டர் தட்டுவேன்.

எங்கள் 486 டிஸ்க் மூன்று சுற்றுக்குப் பிறகு 11 செக்டாரைத் தவிர முழுவதும் வந்தது. ஒரு செக்டார் 512 பைட், ஆக மொத்தம் ஐந்தரை கிலோபைட் இழப்பு.

இமேஜ் கையில் வந்ததும் செவன்-ஜிப்பில் திறந்து பாருங்கள், ஜிப் கோப்பைத் திறப்பது மாதிரியே உள்ளே இருக்கிற ஃபோல்டர்கள் தெரியும். எந்த அமைப்பும் புரியாத அளவுக்குச் சிதைந்திருந்தால் ஃபோட்டோரெக் என்ற மென்பொருள்தான் வழி, ஆனால் அதில் கோப்புப் பெயர்கள் வராது, வகை மட்டும்தான் வரும்.

திறக்கிறது, ஆனால் நாலைந்து கோப்புதான் இருக்கிறது

டிஸ்க் முழுக்க நிறைந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரிவதோ கமாண்ட்.காம் மாதிரி சில்லறைகள். மறைந்த கோப்புகளையும் காட்டச் சொல்லிப் பாருங்கள், டிபிஎல்ஸ்பேஸ்.000 அல்லது டிஆர்விஸ்பேஸ்.000 என்று டிஸ்க் அளவுக்கே ஒரு கோப்பு இருக்கும். 1993இல் எம்எஸ்-டாஸ் 6.0 டபிள்ஸ்பேஸோடு வந்தது, ஸ்டாக் நிறுவனத்தோடு காப்புரிமை வழக்கில் தோற்றதும் 1994இல் 6.22இல் அது டிரைவ்ஸ்பேஸ் ஆனது. இரண்டும் டிஸ்க் முழுவதையும் சுருக்கி ஒரே கோப்பில் அடைத்துவிடும். அதை அழித்துவிட்டால் எல்லாம் போயிற்று.

இதைத் திறக்க எளிய வழி, இமேஜையே ஓட்டுவது. 86பாக்ஸ் என்ற எமுலேட்டரில் (பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடிக்கும் மென்பொருள்) ஒரு 486ஐ அமைத்து, அதன் ஹார்டு டிஸ்காக உங்கள் இமேஜின் ஒரு நகலைக் கொடுங்கள். அது சிலிண்டர், ஹெட், செக்டார் எண்களைக் கேட்கும், லேபிள் போட்டோ மறுபடி உதவுவது இங்கேதான். டாஸ் பூட் ஆகும், டிரைவ்ஸ்பேஸும் தானே ஏறும், சி டிரைவ் பழைய மாதிரி விரியும். வேண்டியதை ஒரு ஃப்ளாப்பி இமேஜில் காப்பி செய்து வெளியே எடுத்துக்கொள்ளலாம்.

டிஸ்கைக் கழற்ற முடியாது, பழைய கம்ப்யூட்டர் வழியாகத்தான் எடுக்க வேண்டும்

எம்எஃப்எம் டிஸ்க் என்றால் இதுதான் நிலை. சீரியல் போர்ட் இருக்கும், அது போதும். யுஎஸ்பி-சீரியல் கேபிளோடு ஒரு நல் மோடம் (null modem) கேபிளும் வேண்டும், அதில் அனுப்பும் பின்னும் பெறும் பின்னும் குறுக்காக மாறியிருக்கும். பழைய கம்ப்யூட்டரில் ஏதாவது ஒரு டெர்மினல் மென்பொருள் இருக்க வேண்டும், விண்டோஸ் 95இல் ஹைப்பர்டெர்மினல் இருக்கிறது, டாஸில் கெர்மிட்டோ டெலிக்ஸோ போட்டுக்கொள்ளலாம்.

ஒன்றுமே வரவில்லை என்றால் உங்களிடம் இருப்பது நேர் கேபிள், 2ஆம் 3ஆம் பின்கள் குறுக்காக மாறவில்லை. குப்பையாக வருகிறது என்றால் இரண்டு பக்கமும் வேகம் ஒன்றாக இல்லை, அல்லது 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் என்பதில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. கொஞ்சம் வந்து எழுத்துகள் நடுநடுவே விழுந்தால் வேகத்தைக் குறையுங்கள். 8250 சிப் வைத்த பழைய போர்டுகளில் வரும் பைட்டைத் தேக்கி வைக்க இடம் கிடையாது, 16550 சிப்பில் 16 பைட் தேக்கம் உண்டு. பழையதற்கு 9600 போதும், நிதானமாக வரட்டும். 115200 வேகம் கிடைத்தால் 40 எம்பிக்கு ஒரு மணி நேரம் ஆகும். கோப்பு அனுப்பும் முறைகளில் எக்ஸ்மோடம் வேண்டாம், இசட்மோடம் தேர்ந்தெடுங்கள், அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

நெட்வொர்க் கார்டு போட முடிந்தால் இன்னும் நல்லது. எம்டிசிபி என்ற இலவசத் தொகுப்பு டாஸிலேயே எஃப்டிபி (நெட்வொர்க் வழியே கோப்பு அனுப்பும் முறை) சர்வர் ஓட்டும். விண்டோஸ் 98இன் ஷேரிங்கை விண்டோஸ் 10இல் தேடிக்கொண்டு உட்காராதீர்கள், அந்தப் பழைய எஸ்எம்பி 1 முறையை 2017லிருந்து மைக்ரோசாஃப்ட் தானாக நிறுவுவதில்லை.

வந்த ஜிப் கோப்பு கெட்டுப்போயிருக்கிறது, அளவும் சில பைட் வித்தியாசம் என்றால் எஃப்டிபி அதை வெறும் எழுத்துக் கோப்பாக நினைத்து ஆஸ்கி முறையில் அனுப்பிவிட்டது. பைனரி என்று அடித்துவிட்டு மறுபடி எடுங்கள். கோப்புப் பெயரெல்லாம் பாதியில் வெட்டி ஓர் அலைக்குறியும் 1உம் ஒட்டிக்கொண்டு வந்தால் விண்டோஸ் 95 டிஸ்கை வெறும் டாஸில் காப்பி செய்திருக்கிறீர்கள், நீளப் பெயர்கள் டாஸுக்குத் தெரியாது. விண்டோஸுக்குள் போய் ஜிப் செய்து அனுப்புங்கள்.

கோப்பெல்லாம் வந்துவிட்டது, தமிழ்தான் புரியவில்லை

இதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. யூனிகோடுக்கு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான எண் முறை) முன்னால் நம் தமிழ் எழுத்துருவில்தான் இருந்தது, கோப்பில் இருந்தது வெறும் எண்கள். எழுத்துரு போனால் தமிழும் போனது மாதிரிதான். ஆகவே டாக்குமெண்ட் ஃபோல்டரை மட்டும் எடுத்துக்கொண்டு டிஸ்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டர் முழுவதும் வேண்டும், விண்டோஸ் 3.1 என்றால் சிஸ்டம் ஃபோல்டர், அடோபி டைப் மேனேஜர் போட்டிருந்தால் சி டிரைவிலேயே பிஎஸ்ஃபான்ட்ஸ் என்று ஒன்று தனியாக இருக்கும். அதனால்தான் முழு இமேஜ் எடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

எந்த முறை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வேர்டில் திறந்து அந்தக் குப்பையை செலக்ட் செய்தால் மேலே எழுத்துருவின் பெயர் தெரியும், அந்த எழுத்துரு உங்களிடம் இல்லாவிட்டாலும் பெயர் மட்டும் காட்டும். பெயரும் தெரியாத வெறும் டெக்ஸ்ட் கோப்பென்றால் கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் அடிக்கடி வந்தால் அது பாமினி எழுத்துரு, அந்த ஐந்தும் சேர்ந்தால் "தமிழ்". ஆங்கில வார்த்தைகள் ஒழுங்காகத் தெரிந்து, தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் தலையில் குறி போட்ட ஐரோப்பிய எழுத்துகள் வந்தால் டிஸ்கி (TSCII), டேப் (TAB) என்ற தமிழ்க் குறியீட்டு முறைகளில் ஒன்றாக இருக்கலாம். டேம், டேப் இரண்டும் தமிழக அரசு 1999இல் அறிவித்தவை, டேமில் தமிழ் மட்டும், டேபில் தமிழும் ஆங்கிலமும். இவை தவிர ஒவ்வொரு டிடிபி மென்பொருளும் தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தது. என்எச்எம் கன்வர்ட்டர் இவற்றில் பலவற்றை யூனிகோடுக்கு மாற்றும், நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஓப்பன்-தமிழ் பைத்தான் தொகுப்பு இருக்கிறது. டிஸ்கிக்கு மட்டும் லினக்ஸின் ஐகான்வ் கட்டளையே போதும்.

மாற்றிய பிறகும் சில வினோதங்கள் வரும். பாமினியில் அடித்ததைப் புதிய வேர்டில் திறந்து திருத்தினால் வாக்கியத்தின் முதல் எழுத்து மட்டும் கெட்டுப்போகும், "மதுரை" "முதுரை" ஆகிவிடும். வேர்ட் அதை ஆங்கிலம் என்று நினைத்து முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கிவிட்டது, பாமினியில் சின்ன கே என்றால் "ம", பெரிய கே என்றால் "மு". ஆட்டோகரெக்ட் முழுவதையும் அணைத்துவிட்டுத் திறங்கள். டிஸ்கி கோப்பில் "இ" மட்டும் அங்கங்கே காணவில்லை என்றால், டிஸ்கியில் "இ" 173ஆம் இடத்தில் இருக்கிறது, மற்ற மென்பொருள்களுக்கு அந்த இடம் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறி, அதனால் மறைத்துவிடும். வெட்டி ஒட்டாமல் கோப்பை நேரடியாக மாற்றிக்குக் கொடுங்கள். கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால் கோப்பை யூடிஎஃப்-8 என்று நினைத்துத் திறந்திருக்கிறது, சேவ் செய்யாமல் மூடுங்கள். சேவ் செய்துவிட்டால் அந்த எழுத்துகள் திரும்ப வராது, இமேஜிலிருந்து மறுபடி எடுக்க வேண்டும்.

பேஜ்மேக்கர் கோப்பு திறக்கவில்லை

டிடிபி கடை டிஸ்க் என்றால் பாதிக்கு மேல் இந்தப் பக்க அமைப்பு மென்பொருளின் கோப்புகள்தான். பேஜ்மேக்கர் 6, 6.5, 7 கோப்புகளை இன்டிசைன் சிஎஸ்6 வரை திறக்கும், அதற்குப் பிறகு வந்தவை திறக்காது. லிப்ரே ஆஃபிஸ் டிராவில் முயன்று பாருங்கள், பக்க அமைப்பு கலையும், எழுத்தை எடுக்கலாம். பேஜ்மேக்கர் 5 கோப்புகளுக்கு நான் நம்புவது மறுபடியும் 86பாக்ஸைத்தான். அந்த டிஸ்கிலேயே பேஜ்மேக்கர் இருக்கிறது, எழுத்துருவும் இருக்கிறது, இமேஜை ஓட்டினால் அப்பா மூடி வைத்த மாதிரியே திறக்கும். அதிலிருந்து டெக்ஸ்டாக எக்ஸ்போர்ட் செய்து மாற்றிக்குக் கொடுக்கலாம். தமிழ் தட்டச்சு மென்பொருளுக்கு பேரலல் போர்ட்டில் டாங்கிள் (மென்பொருளைத் திறக்கும் சாவி மாதிரியான குட்டிச் சாதனம்) கேட்டால் புதிதாக அடிக்க முடியாது, படிப்பதற்கு எழுத்துரு மட்டும் போதும்.

எங்கள் 486 இமேஜில் அப்படி ஓட்டிப் பார்த்தபோது வெண்பா 1 என்ற பெயரில் ஒரு பேஜ்மேக்கர் 5 கோப்பு இருந்தது. அந்த நூறின் முதல் ப்ரூஃப், 34 வெண்பாக்கள், பக்க ஓரத்தில் புலவர் சொன்ன திருத்தங்களை அப்பா தனியாகச் சின்ன எழுத்தில் அடித்து வைத்திருக்கிறார். கெட்டுப்போன 11 செக்டாரில் ஒன்று அந்தக் கோப்பில் விழுந்திருந்தது, 19ஆம் வெண்பாவின் ஈற்றடி மட்டும் இல்லை. புலவரின் பேரனிடம் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன், அந்த அடியை அவருடைய அத்தை மனப்பாடமாகச் சொன்னார்.